அசாதாரண நட்டம்: சணல் இரண்டு கண்டு

நம் பிளஸ் டூ குரூப்பில் போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "கணக்குப் பதிவியல்ல நூத்துக்கு நூறு வாங்குனவ நீ. நாங்கல்லாம் பேங்கு, ஆடிட்டர் ஆபீசுன்னு போனோம். நீ மட்டும் எதுக்கு ஹிஸ்டரி டீச்சரானே?" அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். போனில் கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் இல்லை அது. நாம் எல்லோரும் அறுபதைத் தொட்டுவிட்டோம். இனி யாருக்காக மறைக்க வேண்டும் என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் முப்பத்தொரு பேர் காமர்ஸ் குரூப். பொருளியல் டீச்சர் குறைந்து செல் பயன்பாட்டு விதி நடத்தியது நினைவிருக்கும். முன் பெஞ்சுக்காரி ஒருத்தியை எழுப்பி, ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை அவள் கையில் கொடுத்து, "தின்னுக்கிட்டே சொல்லு, ஒவ்வொரு பழத்துக்கும் எவ்வளவு திருப்தி?" என்றார். மூன்றாவது பழத்தில் முகம் சுளிக்க வேண்டும், ஐந்தாவதில் போதும் என்று சொல்ல வேண்டும். அவள் ஒன்பதையும் தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா டீச்சர்?" என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. மேலச்சொக்கநாதபுரத்தில் இருந்து வெறும் வயிற்றோடு நடந்து வருகிறவள் அவள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. டீச்சரும்தான். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

ஏனென்றால் அந்த வயதில் புத்தகத்தில் இருப்பதுதான் எனக்கு உலகம். பெறுபவர் கணக்கில் பற்று, கொடுப்பவர் கணக்கில் வரவு. அடிக்கோலை வைத்துச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு இழுக்கும்போது வருகிற சந்தோஷம் எனக்குத் தீபாவளிக்குக் கூட வந்ததில்லை. இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்துவிட்டால், உலகத்தில் ஏதோ ஓர் அநியாயம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். என் நோட்டைத்தான் நீங்கள் எல்லோரும் வாங்கிப் பார்த்து எழுதினீர்கள்.

எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அப்பா ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். அம்மா ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கப் போவாள். காலை ஒன்பது மணிக்குப் போய், மற்றப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, சொளகில் கொட்டிய காயில் பெரிது, சிறிது, வெடித்தது, வெளுத்தது என்று தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வரும் முன்பே வாசம் வந்துவிடும். அவள் பிசைந்து கொடுத்த சோற்றில், தலை வாரிவிட்ட கையில், எல்லாவற்றிலும் ஏலக்காய். அந்த வாசம் எனக்கு வெட்கமாக இருந்தது. பாயசத்தில் போட்டால் மணம். அம்மாவின் கையில் இருந்தால் கூலி.

ஆனால் அம்மா கூலிக்காரியாகப் பிறந்தவள் இல்லை. குரங்கணிக்கு மேலே அவளுடைய அப்பா வைத்த ஏலத்தோட்டம் இருந்தது. சாகும் முன் அவர் அதை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதி வைத்தார். பொம்பளைப் பிள்ளைக்குக் காட்டில் பாதியா என்று சொந்தத்தில் பெரிய பேச்சு. நிலத்தை அளந்து பிரிக்கவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வருடக் கடைசியில் செலவு போக மிச்சத்தில் பாதியை அம்மாவிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துக்கொண்டும் இருந்தார். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறைவாக.

நாம் பிளஸ் ஒன் படித்த வருடம், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. வந்ததும் அம்மாவைத்தான் சத்தம் போட்டார்.

"இன்னும் குடோனுக்குப் போயிட்டுத்தான் இருக்கியா? தோட்டத்துக்காரி சொளகப் புடிச்சு உக்காந்தா யாருக்குக் கேவலம்? எனக்குத்தான். நாளையிலருந்து போகாத."

"சும்மா வீட்டுல இருந்து என்னண்ணே செய்ய?" என்றாள் அம்மா.

தங்கையின் கௌரவத்துக்காகத் துடிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "மருமகளே, நீ கணக்குப் படிப்புத்தான படிக்கிற? வருசா வருசம் நான் கணக்குச் சொல்றப்ப உங்கம்மா மொகத்துல ஒரு சந்தேகம் ஓடுது. இந்தா, எல்லாச் சீட்டும் இதுல இருக்கு. இந்த வருசம் கணக்க நீயே எழுது, நீயே ஆடிட்டும் பண்ணு. உன்ன விட்டா எனக்கு வேற யாரு?"

அக்காள் தங்கை மகளை மருமகளே என்று கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் மாமாவுக்கு என்னை விட நாலு வயது மூத்த மகன் ஒருவன் இருந்தான். அதனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா தொண்டையைச் செருமுவார், அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்கு அந்தப் பையன் மேல் ஒன்றும் இல்லை. என் மனசெல்லாம் மஞ்சள் பையில் இருந்தது. ரசீதுகள், எடைச் சீட்டுகள், ஏல மையத்தில் விற்ற சீட்டுகள், அவற்றோடு சிவப்புக் காலிகோ அட்டை போட்ட ஒரு நீளமான பேரேடு. கடையில் பெரிய மனிதர்கள் வாங்குகிற பேரேடு. அதைப் பிரித்தபோது வந்த பசை வாசத்தை இப்போதும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியும்.

இரண்டு மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே வேலைதான். நீங்கள் எல்லோரும் வடகரைப் பக்கம் பஜ்ஜிக் கடைக்குப் போனபோது நான் வராததற்கு அதுதான் காரணம். மாமாவின் சீட்டுகள் சுத்தமாக இருந்தன. காய் பறிக்கிற பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் பச்சைக் காயின் எடை ஒவ்வொரு நாளும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. பச்சைக் காயைத் தோட்டத்து ஸ்டோரில் உலர்த்தி, மூட்டையாகத் தைத்துக் கீழே இறக்குவார்கள். அந்த எடையும் இருந்தது. இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். ஏழு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்த காய்.

அதை ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏழா?" என்றாள்.

"ஆமா. ஏழுக்கு ஒண்ணு."

"அஞ்சுக்கு ஒண்ணு நிக்குமே. ரொம்பப் போனா அஞ்சரை."

"இந்த வருசம் மலை முழுக்க அழுகல் நோயின்னு மாமா சொன்னாருல்ல? பிஞ்சும் நீருமா இருந்திருக்கும். அதுக்குப் பேரு இயல்பு நட்டம். காயறதுல, சிந்துறதுல தானாக் குறையறது. அதுக்கு யாரும் பொறுப்பில்ல. புத்தகத்துலயே இருக்கு."

அம்மா "புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கீரையை உருவ ஆரம்பித்தாள். பத்து வயதில் இருந்து ஸ்டோரில் காய் அள்ளியவளுக்கு நான் பாடம் நடத்தினேன்.

அரையாண்டு லீவு விட்டதும் மாமாவோடு தோட்டத்துக்குப் போனேன். நான்தான் கேட்டேன். இருப்புச் சரக்கைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்காமல் தணிக்கை முடியாது என்று சொன்னபோது மாமா வாய்விட்டுச் சிரித்து, "எம் மருமக விடமாட்டா போலிருக்கே," என்றார். குரங்கணி வரை ஜீப்பு. அதற்கு மேல் நடை. வழியெல்லாம் காப்பிச் செடி, பிறகு பெரிய மரங்களின் நிழலில் ஏலம். மார்கழிப் பனியில் கால் நனைந்தது. எதிரே கழுதைகள் இரண்டு பக்கமும் மூட்டை சுமந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓரமாக ஒதுங்கி நின்று அவற்றுக்கு வழி விட்டோம். மூட்டைகளை நான் எண்ணவில்லை. அவை யாருடையவை என்று கேட்கவும் இல்லை.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. காய் உலர்த்துகிற கட்டடம். உள்ளே தட்டுத் தட்டாகக் கம்பி வலை, கீழே நெருப்புச் சூடு ஓடுகிற தகரக் குழாய்கள். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த அந்தச் சூடும் வாசமும் கண்ணில் தண்ணீரை வரவைத்தன. அங்கே விறகு போட்டுச் சூடு பார்த்து, உலர்ந்த காயை வலையில் தேய்த்து வால் நீக்கி, மூட்டை தைக்கிறவரை ஸ்டோர்க்காரர் என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். அம்மா பாவாடை கட்டிய காலத்தில் இருந்து அங்கே இருக்கிறார்.

மாமா செடி பார்க்கப் போன பிறகு நான் மூட்டைகளை எண்ணினேன். கீழே போனது, ஸ்டோரில் இருப்பது எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு. என் பேரேட்டிலும் நாற்பத்திரண்டு. டிக் அடித்தேன்.

ஸ்டோர்க்காரர் பால் விடாத ஒரு கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து வைத்தார். தயங்கித் தயங்கி நின்றார்.

"மோளே, அம்மாவுக்குச் சொகம்தானா?"

"நல்லா இருக்காங்க."

"நீ எழுதுற கணக்க அம்மா பாக்குமா?"

"பாப்பாங்க."

அவர் மூலையில் தொங்கிய சணல் கண்டைக் காட்டினார். "ஒரு கண்டு சணல்ல பத்து மூட்டை தைக்கலாம். கூடவும் வராது, கொறையவும் செய்யாது. இருபத்தஞ்சு வருசமாத் தைக்கிறேன். இந்தக் கொல்லம், இந்த வருசத்துக்கு, ஆறு கண்டு தீந்துச்சு. சணல் பில்லு உன் பையில இருக்கும், பாரு."

பார்த்தேன். ஆறு கண்டுக்கு ரசீது இருந்தது. நானே பதிவு செய்ததுதான்.

"அப்ப எத்தன மூட்டை ஆச்சு?" என்றார்.

"அறுபது."

"உன் நோட்டுல?"

"நாப்பத்திரெண்டு."

"அதான் மோளே. அம்மாகிட்ட மட்டும் சொல்லு. வேற யாருகிட்டயும் மிண்டாத."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். எனக்கு அன்று தோன்றியது ஒன்றுதான்: எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் என் கணக்கைத் தப்பு என்கிறார். "மத்த பதினெட்டு மூட்டைக்குச் சீட்டு இருக்கா?" என்று கேட்டேன். "சீட்டு இல்லாம எதையும் எழுத முடியாது."

அவர் சாயாக் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இறங்கி வரும்போது மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திறமையைக் காட்டுகிற ஆசைதான், வேறொன்றும் இல்லை. "மாமா, ஆறு கண்டு சணலுக்கு அறுபது மூட்டை வரணுமாம். நம்ம நாப்பத்திரெண்டுக்கு நாலு கண்டும் சொச்சமும்தான். கணக்குல ரெண்டு கண்டு இடிக்குது."

மாமா நடையை நிறுத்தவில்லை. "யாரு சொன்னா?"

சொன்னேன்.

"அப்ப ரெண்டு கண்ட அவனே வித்துருக்கான். மாட்டிக்குவோம்னு முந்திக்கிட்டான். நல்லவேள, நீ கண்டுபுடிச்ச மருமகளே. இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அடுத்த வாரமே ஸ்டோர்க்காரரைச் சணல் திருடியதாகச் சொல்லிக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். நான் பேரேட்டில் அழகாக எழுதினேன்: அசாதாரண நட்டம், சணல் இரண்டு கண்டு, திருட்டு. அடியில் சிவப்புக் கோடு. திருட்டும் தீவிபத்தும் அசாதாரண நட்டம் என்று அந்த மாதம்தான் படித்திருந்தேன். சொந்த வாழ்க்கையில் இருந்தே ஓர் உதாரணம் கிடைத்துவிட்டதில் எனக்கு அவ்வளவு திருப்தி.

ஸ்டோர்க்காரர் மனைவியோடு ஊரை விட்டுப் போன அன்று, பஸ் ஏறும் முன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா வெளியே போனாள். இருவரும் ஏதோ பேசினார்கள். நான் உள்ளே இருந்துகொண்டேன். அம்மா திரும்பி வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கூலிப் பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டாள் என்பது ராத்திரிச் சாப்பாட்டில் தெரிந்தது. ரசமும் சுட்ட அப்பளமும்தான்.

தை கடைசியில் எங்கள் வீட்டில் கணக்கு வாசிப்பு நடந்தது. மாமா சொந்தத்தில் மூன்று பெரியவர்களைக் கூட்டிவந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டு வாசித்தேன். பறிப்புக் கூலி, விறகு, மருந்து, கழுதை வாடகை, சணல், சாக்கு. விற்றுமுதல். நட்டம். கடைசிப் பக்கத்தில், "கணக்குகளைச் சரிபார்த்தேன், சரியாக உள்ளன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதையும் வாசித்தேன். பெரியவர்களில் ஒருவர், "பொட்டப்பிள்ளன்னு நெனைக்காதீக, கலெக்டர் கணக்கா வாசிக்குதுல்ல," என்றார். என் காது சூடாகிவிட்டது.

மாமா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா ஆத்தா. லாவத்துல பாதின்னா நஷ்டத்துலயும் பாதி. உன்னால தாங்க முடியுமா? மாப்ள துணி கிழிச்சுத்தான் கட்டணும். பேசாம உம் பங்க எனக்கு விட்டுக் குடுத்துரு. ஒரு தொகை தர்றேன். காடு நம்ம வீட்டுலதான இருக்கப்போகுது? வெளியவா போகப்போகுது?" இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். கடைசியாக என்னையும் பார்த்தாள். நான் பேரேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ள பாத்த கணக்கு. சரிண்ணே," என்றாள்.

மாசியில் பத்திரம் பதிவானது. அந்தத் தொகையில் வீட்டு ஓட்டை மாற்றினோம், ஒரு பீரோ வாங்கினோம். முடிந்தது.

பிளஸ் டூவில் அரையாண்டுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, பொருளியல் கேள்வி ஒன்று: அளிப்பு குறைந்தால் விலை என்ன ஆகும்? ஏறும் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவள் அப்படியே பேனாவை வைத்துவிட்டேன். போன வருடம் மலை முழுக்க அழுகல் என்றார் மாமா. அப்படியானால் காய் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்க வேண்டும். பேரேட்டில் ஏற்றும் முன் சீட்டுகளை எல்லாம் குறித்துவைத்த என் கரட்டு நோட்டு என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏலச் சீட்டுகளில் ஆவணி முதல் மார்கழி வரை விலை அசையவே இல்லை. அழுகல் எங்கேயும் விழவில்லை. பச்சைக் காயின் எடையை எடுத்து, ஏழால் வகுக்காமல் அம்மா சொன்ன ஐந்தால் வகுத்தேன். மூட்டை ஏறக்குறைய அறுபது வந்தது.

இருப்பாய்வு ஒத்துப்போவது மட்டுமே கணக்கு உண்மை என்பதற்கு முடிவான சான்று ஆகாது. இதை நான் காலாண்டில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கடையில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். செம்பை வைத்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மாகிட்டச் சொல்லாத. தாங்க மாட்டா," என்றார். "பத்திரம் பதிஞ்சாச்சு. நாளைக்கு உனக்கொரு காரியம்னா தாய்மாமன் இல்லாம எவன் வந்து நிப்பான்?"

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவின் கடைக்குப் போனேன். அதற்குள் அவர் போடியில் சொந்தமாக ஏலக்காய்க் கடை போட்டிருந்தார். யூனிபாரத்தோடு, இரட்டைச் சடையோடு நின்று, "அந்தப் பதினெட்டு மூட்டைய எங்க வித்தீங்க மாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்றுவரை என்னால் மறக்க முடியாதது. "உக்காரு. கலர் குடிக்கிறியா?" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புப் பேரேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல எங்கயாச்சும் எங்கையெழுத்து இருக்கா, பாரு."

நான் பார்க்கவில்லை. எனக்கே தெரியும்.

"எழுதுனது நீ. கூட்டுனது நீ. சரியா இருக்குன்னு நாலு பேரு முன்னால வாசிச்சதும் நீ. இப்பத் தப்புங்குற. அப்ப யாரு தப்பு?"

"நீங்க குடுத்த சீட்டு…"

"சணல் இடிக்குதுன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்ல? தெரிஞ்சும் திருட்டுன்னு எழுதுனது யாரு? நானா உங்கையப் புடிச்சு எழுதுனேன்?" குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு, உங்கப்பன் கையில போயிருந்தா இந்நேரம் அந்தக் காட்ட வித்துத் தின்னுருப்பான். எங்கப்பன் வச்ச காட்ட நான் காப்பாத்தி வச்சிருக்கேன். வீட்டுக்குப் போ. படிப்பப் பாரு."

கலர் சோடா பாட்டில் உடைத்தபடியே மேசையில் இருந்தது. நான் தொடவில்லை.

பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். தலைமையாசிரியை மேடையில் கூப்பிட்டுப் பேனா கொடுத்தபோது நீங்கள் கை தட்டினீர்கள். கல்லூரியில் பி.காம். விண்ணப்பத்தை வாங்கி வந்த அப்பாவிடம், வேண்டாம், வரலாறு போதும் என்றேன். வேறு காரணம் சொல்லவில்லை.

மாமா மகனுக்கு அடுத்த ஆவணியில் கம்பத்தில் பெண் எடுத்தார்கள். பெரிய இடம். என் கல்யாணத்துக்கு மாமா தாய்மாமன் சீர் குறைவில்லாமல் கொண்டுவந்தார். ஐந்து பவுன் சங்கிலி, ஒன்பது தட்டு. ஊரே பார்த்தது. அவர் என் கழுத்தில் மாலையைப் போட்டபோது நான் குனிந்தேன். குனியாமல் என்ன செய்வது? ஸ்டோர்க்காரரைத் தேடி இரண்டு முறை போடிமெட்டு தாண்டிப் போய்க் கேட்டேன். மகள் வீட்டுக்குப் போனார் என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பெயரில் நான் எழுதிய அந்த ஒரு வரியை அடிக்க எனக்கு வழியே கிடைக்கவில்லை.

மாமா இறந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அம்மாவை அழைத்துக்கொண்டு கேதத்துக்குப் போனேன். அப்பா அப்போது இல்லை. அம்மா அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை எனக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பும்போது பஸ்சில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு, முப்பது வருடம் அடக்கியதைக் கொட்டிவிட்டேன். அழுகல் பொய், ஏழுக்கு ஒன்று பொய், பதினெட்டு மூட்டை, சணல், எல்லாம். "அப்பா சொல்லக்கூடாதுன்னாரு. அதான் உங்கிட்டச் சொல்லல," என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஐப்பசியிலயே தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நம்ம காட்டுக் காயி குடோனுக்கு வந்துச்சு. வேற யாவாரி பேருல. எஞ் சொளகுலதான் கொட்டுனாக. சின்னப்பிள்ளையிலருந்து அள்ளுன காயி, கைக்குத் தெரியாதா? அந்தப் பச்சை நெறமும், எடுப்பா நிக்கிற அந்த மூணு பட்டையும். நானே உக்காந்து பொறுக்கித் தரம் பிரிச்சுக் குடுத்தேன். அதுக்குப் பெறகுதான் உங்க மாமா வந்து குடோனுக்குப் போகாத போகாதன்னு குதிச்சாரு."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?"

"நாலு பேரு உக்காந்திருந்தாக. நீ நிமுந்து நின்னு வாசிக்கிற. பொய்யின்னு நான் சொன்னா அண்ணனையா சொன்னதாகும்? உன்னையச் சொன்னதாகும்." பஸ்சு குலுங்கியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டோர்க்காரரும் போறப்பச் சொல்லிட்டுத்தான் போனாரு. 'பாப்பாகிட்டச் சொன்னேன், பாப்பா உங்க அண்ணன்கிட்டச் சொல்லிருச்சு'ன்னாரு. சரி, பிள்ளைக்கும் தெரிஞ்சுதான் எழுதுது, மாமன் மகனக் கட்டிக்கிற ஆசை போலிருக்கு, கேக்க வெக்கப்படுதுன்னு நெனச்சேன். எப்பிடியும் காடு உனக்குத்தான வரப்போகுதுன்னு போட்டேன்."

"எனக்கு அப்படி ஒரு நெனப்பே கெடையாதும்மா. சத்தியமா எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாசிப்பு நடந்த அன்று பார்த்த அதே பார்வை இல்லை அது; ஆனால் என்ன பார்வை என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மாமா என்னை ஏமாற்றியதை நான் முப்பது வருடமாகச் சுமந்தேன். மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டே அந்த முப்பது வருடமும் இவள் எனக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள், என் இரண்டு பிரசவத்தையும் பார்த்திருக்கிறாள், என் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் கூட ஒரு சொல் கேட்டதில்லை.

"அப்பிடியா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆறு வருடம் இருந்தாள். நான் சொன்னதை நம்பினாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.